இரண்டாவது ரத்தம்

இருபத்தேழாம் நம்பர் ஆசாமி இன்றைக்கும் போனில் யாருடனோ பேசிக்கொண்டே இருந்தார்.

கொசுக் கணக்கர் ரிசீவரை வைத்தார். எடுத்தார். பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். அதே விட்டு விட்டு அடிக்கும் ஓசை. லைன் பிஸி.

"பதினோரு தடவை ஆச்சு. ஒரு மனுஷன் அப்படி என்னதான் பேசுவான்?"

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அட்டெண்டர் அம்மா நிமிராமலே, "எங்கியாவது பொண்ணு பார்த்துப் பேசிக்கிட்டிருப்பாரு" என்றார்.

"வயசு அம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு."

"அப்ப பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேசறாரு."

கொசுக் கணக்கர் என்பது ஊர் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் ஒரு வரியில் அடங்காது. வேலை என்னவோ ஒன்றுதான். வட்டாரத்தில் கொசு கடித்து எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது என்று வெள்ளிக்கிழமைதோறும் மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். பதினோரு மாதமாக அவர் எழுதி அனுப்பிய எண் பூஜ்யம்.

காய்ச்சல் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு ஒருவர் போர்த்திக்கொண்டு முனகத்தான் செய்தார்கள். ஆனால் முதல் ரத்தத்தில் தெரிவது வெறும் சந்தேகம். பதினாலு நாள் கழித்து அதே ஆளிடம் இரண்டாவது ரத்தம் எடுத்தால்தான் அது கணக்கில் ஏறும் என்பது விதி. பதினாலாவது நாள் ஆசாமி எழுந்து, குளித்து, வேலைக்குப் போயிருப்பார். மறுபடி ஊசி என்றால் கடுக்காய் கொடுத்துவிடுவார். காய்ச்சலோடு வருகிறவரை எழுத விதியில் இடமில்லை. காய்ச்சல் போனவரைப் பிடிக்கக் கணக்கருக்குக் காலில் பலமில்லை.

போதாக்குறைக்கு இரண்டு மாதத்துக்கு முன் அலுவலகத்தைத் தூக்கி ஒரு பழைய கிடங்கில் வைத்தார்கள். புது இடம், புதுப் போன். அதன் நம்பரை எழுதிய சீட்டைப் போனுக்கு அடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். போனுக்கு அடியில் யார் பார்க்கிறார்கள்? ஊருக்கு நம்பர் தெரியாததால் காய்ச்சல் என்று சொல்ல ஒருவரும் கூப்பிடவில்லை. மேலதிகாரிகூடக் கணக்கரின் கைபேசிக்குத்தான் கூப்பிடுவார். இரண்டு மாதமாகப் பொதுமக்களிடமிருந்து ஒரு புகாரும் இல்லை என்று கேள்விப்பட்டு மேலிடத்துக்கு ஒரே மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சிதான் திங்கட்கிழமை கடிதமாக வந்து சேர்ந்தது. நோயே இல்லாத வட்டாரத்துக்கு நோய்க் கணக்கு எதற்கு? வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் ஒரே ஒருவரிடமாவது இரண்டாவது ரத்தம் எடுத்துப் பதியவில்லையென்றால் அலுவலகம் மூடப்படும். கொசு விரட்டும் இரண்டு புகை மெஷின்களும் வேறு மாவட்டத்துக்குப் போகும். கணக்கர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி மாடு கணக்கெடுக்கப் போவார்.

மாட்டை நினைத்து அவர் கலங்கவில்லை. சொல்லப்போனால் அது சுலபமான வேலை. எந்த மாடும் தன்னை மாடில்லை என்று சொல்லாது. அவர் கலங்கியது தன் வீட்டுக்கு மேலே மாடியில் குடியிருந்த குழந்தையை நினைத்து. ஐந்து வயது. ஒன்பது நாளாகப் படுக்கையில் கிடந்தாள். "வெயில்ல ஆடினா, வேற ஒண்ணுமில்ல" என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் அவளுடைய சின்னச் சிவப்புச் செருப்பு ஒன்பது நாளாக வைத்த இடத்திலேயே இருந்தது. படியைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் அது கணக்கரின் கண்ணில் பட்டது. புகை மெஷினும் போய்விட்டால் இந்தத் தெருவுக்குள் கொசுவைத் தவிர வேறு யார் வரப்போகிறார்கள்?

முதல் ரத்தம் கொடுத்துப் பதினாலு நாள் தாண்டியவர்கள் பட்டியலில் மூன்றே பேர். நூலகர், தையல்காரர், இருபத்தேழாம் நம்பர். மூவரில் இருபத்தேழுக்குத்தான் சந்தேகம் பலமாக வந்திருந்தது. ஆனால் அந்த விவரத் தாள் ஒரு பெரிய புதிர்.

பெயர்: சொல்ல விருப்பமில்லை. வயது: ஐம்பத்தைந்து இருக்கும். தொழில்: உட்கார்ந்த வேலை. முகவரி: பக்கத்தில்தான்.

கீழே ஒரு போன் நம்பர். அவ்வளவுதான்.

எழுதியவள் மூன்று வாரத்துக்கு முன் பயிற்சிக்கு வந்த செவிலிப் பெண். ஊசியைப் பார்த்தால் நோயாளியைவிட அவள்தான் முதலில் கண்ணை மூடுவாள். நாற்பத்தாறு வயதுக் கணக்கர்தான், உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்த ஒரு நாளிலும், தன் சொந்தக் கையை நீட்டி அவளுக்குத் தைரியம் சொல்லிப் பழக்கிவிட்டார். மூன்றாவது குத்தில் அவளுக்கு வேலை பிடிபட்டது. ஒரு வாரத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் போன் நம்பரை வாங்கி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இருபத்தேழு கெடக்கட்டும் சார்," என்றாள் இப்போதைய செவிலி. "மத்த ரெண்டு பேரு கையில ஒரு கை கெடச்சாப் போதுமே."

கணக்கர் நூலகத்துக்கு நடந்தார்.

அங்கே 'அமைதி காக்கவும்' என்ற பலகையின் கீழ் நூலகர் உட்கார்ந்திருந்தார். கணக்கரைக் கண்டதும் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு ஊசி," என்று கணக்கர் கிசுகிசுத்தார்.

"எனக்குக் காய்ச்சலே வரலியே," என்று புத்தகத்துக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பு வந்தது.

"அப்புறம் முதல் ரத்தம் எதுக்குக் குடுத்தீங்க?"

"அது உங்களோட இருக்கட்டும். மாமனார் செத்துட்டாருன்னு ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். காய்ச்சல்னா டாக்டர் சான்றிதழ் கொண்டான்னு உயிரை எடுப்பாங்க. சாவுன்னா ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. இப்ப உங்க கணக்குல என் பேரு ஏறினா மாமனார் எழுந்து வந்துடுவாரு."

"பாவம். நிஜமாவே தவறிட்டாரா?"

நூலகர் கண்ணால் காட்டினார். ஜன்னலோர மேஜையில் ஒரு பெரியவர் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"செத்து இருபது நாளாச்சு. இன்னும் ஒரு நாள்கூட பேப்பர் படிக்க வராம இருந்ததில்ல. மேலேர்ந்து யாராவது சோதனைக்கு வந்தா நான் தொலைஞ்சேன்."

பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது நூல்நிலையமா, சந்தைக்கடையா?" என்றார்.

இருவரும் காலமானவருக்கு மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணக்கர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கைபேசியை எடுத்தார். நோயாளிகளை அலுவலகப் போனில் மட்டுமே கூப்பிட வேண்டும், கூப்பிட்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. பதினெட்டு வருஷத்தில் அவர் மீறாத விதி. ஆனால் இப்போது கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. சீட்டில் குறித்து வந்த இருபத்தேழின் நம்பரை அழுத்தினார்.

அதிசயமாக மணி அடித்தது. அடித்தது, அடித்தது, தானாக ஓய்ந்தது. மூன்று தடவையும் அப்படியே.

"பகல் பூரா பேசறான். சாயங்காலம் ஆனா எடுக்க மாட்டேங்கறான். என்ன பிறவியோ," என்றார்.

"பகல்ல பேசித் தொண்டை கட்டியிருக்கும்," என்றாள் மனைவி. "அதை விடுங்க. எத்தனை நாளைக்குத்தான் தலகாணி வெச்சுக்கிட்டு உக்காருவீங்க? ஆபீஸ்ல நல்ல நாற்காலி கேட்டீங்களா? அன்னிக்கு நாலு நாள் இடுப்பும் முதுகும் வலிக்குதுன்னு படுத்துக் கெடந்தீங்களே, அப்பவே கேக்கச் சொன்னேன்."

"ஆபீசே இருக்கப் போறதில்ல. நாற்காலிக்கு எங்க போறது?"

மாடியில் குழந்தை அனத்தும் குரல் கேட்டது. மனைவி நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் தையல்காரர் கடைக்குப் போனார். நாலு மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"காய்ச்சல் பத்தி..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் தையல்காரர் அளவு நாடாவை அவர் கழுத்தில் போட்டு ஓரமாக இழுத்துவிட்டார்.

"அளவெடுக்கற மாதிரியே நில்லுங்க. கஸ்டமர் இருக்காங்க. காய்ச்சல்காரன் தைச்ச சட்டைன்னு தெரிஞ்சா ஒருத்தன் கை நுழைக்க மாட்டான்."

"இது கொசு கடிச்சு வர்றதுங்க. சட்டை வழியா வராது."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சட்டை போடறவனுக்குத் தெரியணுமே. மார்பு முப்பத்தெட்டு."

கணக்கர் மனம் தளர்ந்தார். அந்த நேரத்திலும் இருபத்தேழின் நினைவு விடவில்லை. தன் கைபேசியில் சார்ஜ் இல்லை. தையல்காரரின் போனைக் கேட்டு வாங்கினார். மணி இரண்டுதான் அடித்திருக்கும். ஒரு பெண் குரல் எடுத்தது.

"அலோ."

கணக்கர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்தினார். "ஐயா இருக்காரா அம்மா?"

"ஐயா வெளிய போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"அவரு எப்பப் போவாரு, எப்ப வருவாருன்னு யாரு கண்டா?"

மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்கர் முடிவு செய்தார். இவ்வளவு சலிப்பு வேறு யாருக்கும் வராது. "அவருக்கு உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

"ஒடம்புக்கென்ன, நல்லாத்தான் சுத்தறாரு. ஏன் கேக்கறீங்க?"

"காய்ச்சல் வந்துச்சே அவருக்கு..."

"வந்துச்சோ என்னவோ. வந்தாலும் ஒத்துக்கற ஆளா அவரு? நீங்க யாரு..."

அதற்குள் தையல்காரர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "கஸ்டமர் கூப்பிடற நேரம். இங்க பாருங்க, உங்களுக்கு ஒரு யோசனை சொல்றேன். காய்ச்சல்னா ஒருத்தன் வரமாட்டான். சர்க்கரை பார்க்கறோம்னு சொல்லுங்க, நானே வரேன். சர்க்கரை கௌரவமான வியாதி. பணக்காரனுக்கும் இருக்கு, மந்திரிக்கும் இருக்கு."

கணக்கருக்கு மூளையில் விளக்கெரிந்தது. சர்க்கரைக்கு என்று எடுக்கிற ஊசியில் இரண்டாவது ரத்தமும் வந்துவிடும். நாளைக்கு இலவச சர்க்கரைப் பரிசோதனை என்று நாலு இடத்தில் எழுதி ஒட்டிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

வாசலிலேயே அட்டெண்டர் அம்மா மறித்தார். "சார், நீங்க இல்லாதப்போ ஒரு..."

"எதுவா இருந்தாலும் நாளைக்கு. தலைக்கு மேல வேலை."

"சரி, எனக்கென்ன," என்று அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கிடங்கைச் சுற்றி வரிசை நின்றது. நூலகரின் மாமனார் நாலாவது ஆளாக, உயிரும் உற்சாகமுமாக நின்றிருந்தார். நூலகரைக் காணோம். கணக்கர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கிறவர்களிடமெல்லாம், "உக்காந்த வேலையா, நின்ன வேலையா?" என்று விசாரித்தார். சிலர் பதில் சொன்னார்கள். ஒருவர், "பொண்ணு எங்க இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

"சார்," என்றாள் செவிலி, பத்து மணிக்கு. "இவங்கள்ல ஒருத்தருக்கும் காய்ச்சல் வந்ததே இல்லையாம். பரம்பரையிலயே கெடையாதாம்."

"சர்க்கரை மட்டும் பார்த்து அனுப்பிடு."

"எப்படி அனுப்பறது? இந்த ஆபீஸ்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலும், யாரோடதா இருந்தாலும், நம்பர் போட்டு காய்ச்சல் சோதனைக்கு அனுப்பணும். நீங்கதானே வந்த நாளே இந்த விதியைச் சொல்லி மெரட்டினீங்க. எனக்கு முன்னாடி இருந்த பொண்ணையும் இப்படித்தான் மெரட்டினீங்களாம்."

விதி விதிதான். அறுபத்து மூன்று பேரின் ரத்தம் காய்ச்சல் கணக்கில் ஏறியது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

அறுபத்து நாலாவதாக, "தையல்கடை," என்று சொல்லி ஓர் இளைஞன் கையை நீட்டினான். செவிலி ஊசி போட்ட பிறகுதான் கணக்கர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"நீ யாரப்பா?"

"மச்சான் அனுப்பினாரு. அவருக்குத் துணி வெட்டற வேலை இருக்காம். ரத்தம்தானே, யாருது குடுத்தா என்னன்னாரு."

அவனுக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று வந்தது. அரை மணியில் அவன் மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"காலையில நல்லாத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினாரு. காய்ச்சல் ஆபீசுக்கு வந்து சர்க்கரை வாங்கிட்டு வந்திருக்காரு. இதை யாரு திருப்பி எடுத்துக்கறது? நீங்களா, அந்தம்மாவா?"

அவளைச் சமாதானப்படுத்தி அனுப்ப இரண்டு டம்ளர் டீ செலவாயிற்று. அவள் படியிறங்கும்போதே கைபேசி அடித்தது. மேலதிகாரி.

"அறுபத்து நாலு பேரைப் பார்த்து ஒருத்தருக்குக்கூட இல்லையாமே. பிரமாதம். உண்மையைச் சொல்றேன், மூடறோமேன்னு எனக்கு மனசுல ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. நீங்க அதையும் எடுத்துட்டீங்க. லாரி கிளம்பிடுச்சு."

"சார், அஞ்சு மணி வரைக்கும்..."

"தாராளமா. அஞ்சு மணிக்கு மெஷினை ஏத்தினாப் போதும்."

கணக்கர் தலகாணி போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாரும் நன்றாக இருப்பதாக எழுத்தில் நிரூபித்த ஒரே மனிதர் அவர்தான். இரண்டாவது ரத்தத்தைத் தேடப் போய் முதல் சந்தேகத்தையும் தொலைத்துவிட்டார். காய்ச்சல் எங்கே போயிற்று? ஊரே முனகுவது அவர் காதில் மட்டும்தான் விழுகிறதா? ஒருவேளை தன் காதிலேயே ஏதாவது கோளாறோ என்றுகூட யோசித்துப் பார்த்தார்.

நாலு மணிக்கு வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். மாடி வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தேறிவிடுவாள் என்று டாக்டர் சொன்னாராம். "என்ன காய்ச்சல்னு எழுதினாங்க?" என்று கணக்கர் கேட்டார். "வெயில்னு எழுதியிருக்காங்களாம்," என்றாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பட்டியலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

நாலே முக்காலுக்கு லாரி வாசலில் வந்து நின்றது. இரண்டு ஆட்கள் இறங்கி முதல் புகை மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கணக்கர் ரிசீவரை எடுத்து மறுபடி இருபத்தேழை அழுத்தினார். பிஸி. வைத்தார். அழுத்தினார். பிஸி.

"இன்னும் பேசறான். ஊரு கொசுக்காடாப் போனாலும் இவன் பேசிக்கிட்டேதான் இருப்பான். நேத்து அவன் பொண்டாட்டியே சொன்னா, வந்த காய்ச்சலை ஒத்துக்க மாட்டானாம். இந்த மாதிரி ஒரு மனுஷனாலதான் இத்தனை பேரு சங்கடப்படறது."

"நம்ம போன்ல ஏதாவது கோளாறோ என்னவோ," என்றாள் செவிலி. ஊசியையும் பஞ்சையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானத்திலிருந்தே தயாராக நின்றிருந்தாள். "வேற போன்ல போட்டுப் பாருங்க சார்."

கணக்கர் பதிவேட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இன்னும் எட்டு நிமிடம். விதியாவது மண்ணாவது என்று முடிவுக்கு வந்தார். தன் கைபேசியில் மேலதிகாரி எந்த நேரத்திலும் கூப்பிடலாம். அட்டெண்டர் அம்மா பக்கம் திரும்பினார்.

"உங்க போனை எடுங்கம்மா. நான் சொல்லச் சொல்ல அழுத்துங்க. எடுத்தான்னா விடாதீங்க. பக்கத்துலதான் இருக்கானாம், எங்க இருக்கான்னு மட்டும் கேட்டு வாங்குங்க. ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுடலாம்."

அட்டெண்டர் அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். கணக்கர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அவர் ஒவ்வொன்றாக அழுத்திப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"அடிக்குது சார்," என்றார்.

கணக்கர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அதே நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த அலுவலகப் போனும் அலற ஆரம்பித்தது. இரண்டு மாதமாக அவர் காதுபட ஒரு தடவைகூட அடிக்காத போன். அடிக்க இப்போதுதானா அதற்கு நேரம் கிடைத்தது? எரிச்சலோடு பாய்ந்து எடுத்தார்.

"காய்ச்சல் கணக்கு ஆபீஸ். யாரா இருந்தாலும் அப்புறம் கூப்பிடுங்க. ஒரு நோயாளியை வலை போட்டுத் தேடிக்கிட்டிருக்கோம்."

அட்டெண்டர் அம்மா காதிலிருந்த போனை எடுத்துப் பார்த்தார். நாலடி தூரத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்ற கணக்கரைப் பார்த்தார். செவிலியைத் தட்டோடு கிட்டே வரும்படி சைகை காட்டிவிட்டு, மறுபடி போனைக் காதில் வைத்து நிதானமாகச் சொன்னார்:

"நோயாளி கெடச்சுட்டாருங்க சார். போனை வெச்சுட்டுக் கையை நீட்டுங்க."